தள்ளாடும் தொழிலும் தாங்கும் அரசும்

நுழையும்முன்

மழை பொய்த்த ஆண்டில் உழவரின் கடனை அரசு தள்ளுபடி செய்கிறது. புயல் தாக்கிய கடற்கரையில் மீனவர்க்கு நிவாரணம் வழங்குகிறது. இவற்றை நாம் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறோம். ஆனால், ஆண்டுக்குப் பல இலட்சம் மகிழுந்துகளை விற்ற பெருநிறுவனம் ஒன்று கடனில் மூழ்கும்போது, மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு அதைக் கரையேற்றலாமா? ‘கூடாது’ என்றால், அதை நம்பி வாழும் தொழிலாளர் என்னாவர்? ‘ஆம்’ என்றால், எந்த அளவுக்கு? எந்த நிபந்தனையோடு? அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகள் இவ்வினாவுக்கு அளித்த வெவ்வேறு விடைகளை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரு தொழிற்சாலை, பல ஊர்கள்

மகிழுந்துத் தொழிலின் நலிவு ஓர் அரசையே கவலைகொள்ளச் செய்வது ஏன் என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு மகிழுந்தில் திருகாணி முதல் மின்னணுச் சில்லு வரை பல்லாயிரம் உறுப்புகள் உள்ளன. அவை அனைத்தையும் ஒரே நிறுவனம் செய்வதில்லை. எஃகுத் தகடு ஓர் ஆலையிலிருந்தும் கண்ணாடி மற்றோர் ஆலையிலிருந்தும் வருகின்றன. டயர், இருக்கை, மின்கம்பி, மின்கலம் ஆகியவற்றை வேறு பல நிறுவனங்கள் செய்து அனுப்புகின்றன. வடிவமைத்தல், எஞ்சின் செய்தல், உறுப்புகளைப் பொருத்துதல், விற்றல் ஆகியவையே மகிழுந்து நிறுவனத்தின் முதன்மையான பணிகள்.

உதிரிபாகம் செய்வோர் சரக்கை முன்னதாக அனுப்பிவிட்டு, சில வாரங்கள் கழித்தே அதற்குரிய பணத்தைப் பெறுவர். மகிழுந்து நிறுவனம் திடீரென மூடப்பட்டால், வரவேண்டிய பணம் நின்றுபோய் அவர்களும் வீழ்வர். அவர்கள் வீழ்ந்தால், அவர்களிடமே உறுப்புகளை வாங்கும் போட்டி நிறுவனங்களின் உற்பத்தியும் தடைபடும். விற்பனையகம், பழுதுபார்க்கும் பட்டறை, சரக்குந்துப் போக்குவரத்து, ஆலை வாயிலில் உள்ள உணவகம் என அத்தொழிலைச் சார்ந்த அனைத்தும் தளரும். ஊராட்சியின் வரி வருவாய் குறையும். அந்த வருவாயால் நடைபெறும் பொதுப்பணிகளும் சுருங்கும்.

ஒரு தெருவில் ஒரு மளிகைக் கடை மூடப்பட்டால், அதன் வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குச் செல்வர். அடுத்த கடை வளரும். மகிழுந்து ஆலை திடீரென மூடப்பட்டால், பக்கத்து ஆலையும் சேர்ந்து தடுமாறும். இந்த வேறுபாடே நம் வினாவின் வேர்.

டெட்ராய்ட் கண்ட நெருக்கடி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் நகரும் அதன் சுற்றுப்புறமும் மகிழுந்துத் தொழிலின் தலைநகராக விளங்கின. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் ஆகிய மூன்று பெருநிறுவனங்களும் அங்கு வளர்ந்தவை. 1908 இல் தொடங்கப்பெற்ற ஜெனரல் மோட்டார்ஸ், 1931 முதல் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக வாகன விற்பனையில் உலகின் முதலிடத்தை வகித்தது. அந்நிறுவனம் தன் நூற்றாண்டைக் கண்ட 2008 ஆம் ஆண்டிலேயே நெருக்கடியும் முற்றியது.

அந்நெருக்கடிக்குக் காரணங்கள் இரு வகைப்பட்டவை. முதல் வகை, நெடுநாளாக வளர்ந்தவை. எரிபொருளை மிகுதியாக உண்ணும் பெரிய வண்டிகளின் இலாபத்தையே மூன்று நிறுவனங்களும் பெரிதும் நம்பியிருந்தன. சிக்கனமான சிறிய மகிழுந்துகளைக் கொண்டுவந்த ஜப்பானிய நிறுவனங்களிடம் வாடிக்கையாளரைச் சிறிது சிறிதாக இழந்தன. ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றுவோரைவிட ஓய்வுபெற்றோர் பல மடங்கு மிகுந்திருந்தனர். அவர்களின் ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் விற்கும் ஒவ்வொரு வண்டியின் மீதும் சுமையாக ஏறின.

இரண்டாம் வகை, திடீரென வந்தவை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. பெரிய வண்டிகளை வாங்குவோர் குறைந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்னும் முதலீட்டு வங்கி நொடித்தது. வங்கிகள் ஒன்றையொன்று நம்பவும் அஞ்சிக் கடன் கொடுப்பதைச் சுருக்கின. அமெரிக்கர் பெரும்பாலும் கடன் பெற்றே மகிழுந்து வாங்குபவர்கள். கடன் நின்றதும் விற்பனை சரிந்தது. 2007 இல் அந்நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் புதிய வண்டிகள் விற்றன. 2009 இல் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 1 கோடியே 4 இலட்சமாகக் குறைந்தது.

நிறுவனங்களின் தவற்றால் வந்த நலிவும், அவற்றின் கையில் இல்லாத நிதிப்புயலும் ஒரே நேரத்தில் சேர்ந்தன. எதற்கு எது காரணம் எனப் பிரித்துக் காண்பது எளிதாக இல்லை. கருத்து வேறுபாடு எழுந்ததும் இதனாலேயே.

மன்றத்தில் மோதிய வாதங்கள்

2008 நவம்பரில் மூன்று நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளும் தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து நாடாளுமன்றத்திடம் உதவி கோரினர். அவர்கள் தனி விமானங்களில் வந்திருந்தனர். மக்களிடம் பணம் கேட்க வருவோர் தனி விமானத்தில் வரலாமா என்று உறுப்பினர்கள் கடிந்துகொண்டனர். மறுமாதம் அவர்கள் தத்தம் நிறுவன மகிழுந்துகளிலேயே வந்தனர்.

உதவி கூடாது என்போர் மூன்று காரணங்களை முன்வைத்தனர். ஒன்று, தவறு செய்தவரைக் காப்பாற்றினால் தவறு பெருகும். வீழ்ந்தால் அரசு தூக்கிவிடும் என்ற எண்ணம் நிருவாகத்தின் பொறுப்புணர்வைக் கெடுக்கும். இரண்டு, திறமையாகத் தொழில் நடத்தும் போட்டியாளர்க்கு அது தண்டனையாகும். டென்னசி, அலபாமா போன்ற தென்மாநிலங்களில் ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்கள் ஆலைகளை நிறுவியிருந்தன. அங்கு வேலை செய்வோரும் அமெரிக்கத் தொழிலாளரே. மூன்று, நொடித்த நிறுவனத்தைச் சீரமைக்க நீதிமன்றமும் சட்டமும் இருக்கும்போது அரசு இடைப்படத் தேவையில்லை. டெட்ராய்ட்டில் பிறந்தவரும் மிச்சிகன் ஆளுநராக இருந்த ஒருவரின் மகனுமான மிட் ராம்னியே இக்கருத்தை நாளிதழ்க் கட்டுரையில் வலியுறுத்தினார்.

உதவி வேண்டும் என்போர் இதற்கு விடை கூறினர். நொடிப்பு வழக்கு நடக்கும் காலத்திலும் ஆலை இயங்கக் கடன் வேண்டும். நிதி நெருக்கடியில் அவ்வளவு பெருந்தொகையைத் தருவதற்கு எந்த வங்கியும் இல்லை. எனவே, சீரமைப்புக்குப் பதிலாக முற்றாக மூடும் நிலையே வரும். மேலும், வங்கிகளைக் காக்க 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கிய நாடு, ஆலைத் தொழிலாளரை மட்டும் கைவிடுவது எவ்வகை நீதி என்றும் அவர்கள் வினவினர்.

இவ்விவாதத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் நிலைப்பாடு கருதத்தக்கது. அந்நிறுவனம் 2006 லேயே தன் ஆலைகளையும் தன் பெயர் பொறித்த நீலநிறச் சின்னத்தையும்கூட அடகுவைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டியிருந்தது. அதனால், அரசின் மீட்புக் கடன் இன்றியே அது நெருக்கடியைத் தாங்கியது. ஆயினும், தன் போட்டியாளர்க்கு உதவுமாறு அது அரசை வேண்டியது. அவர்கள் வீழ்ந்தால் உதிரிபாக நிறுவனங்களும் வீழும்; அந்நிறுவனங்கள் இன்றித் தன் ஆலைகளும் இயங்கா என்பதை அது அறிந்திருந்தது.

தெரியுமா?

கிறைஸ்லர் அரசின் உதவியை நாடியது 2008 இல் முதல் முறையன்று. 1980 ஜனவரியில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தின்படி, அந்நிறுவனம் பெறும் 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அரசு பிணை நின்றது. லீ அயகோக்கா தலைமையில் நிறுவனம் மீண்டு, 1983 இல் கடனைத் தவணைக்கு முன்பே அடைத்தது.

உதவியும் நிபந்தனையும்

2008 டிசம்பர் 10 அன்று உதவிச் சட்டமுன்வரைவு பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. மறுநாள் செனட் அவையில் தோற்றது. பின்னர், அதிபர் ஜார்ஜ் புஷ் வங்கிகளுக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிறைஸ்லருக்கும் 1,740 கோடி டாலர் கடன் வழங்குவதாக டிசம்பர் 19 அன்று அறிவித்தார். சீரமைப்புத் திட்டத்தை அளிக்க வேண்டும் என்பது அக்கடனின் நிபந்தனை.

அடுத்து வந்த அதிபர் பராக் ஒபாமா, நிறுவனங்கள் அளித்த திட்டங்கள் போதா என்று 2009 மார்ச்சில் மறுத்தார். ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது. ஏப்ரல் 30 இல் கிறைஸ்லரும், ஜூன் 1 இல் ஜெனரல் மோட்டார்ஸும் நீதிமன்றத்தில் நொடிப்பு மனு அளித்தன. ஜெனரல் மோட்டார்ஸின் சொத்து 8,200 கோடி டாலர். அது செலுத்த வேண்டிய கடன் ஏறத்தாழ 17,300 கோடி டாலர்.

நொடிப்பு என்பது ஆலையைப் பூட்டுவது மட்டுமன்று. நிறுவனம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் பழைய கடன்களையும் ஒப்பந்தங்களையும் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் திருத்தியமைக்கவும் சட்டம் வழிசெய்கிறது. உதவி கூடாது என்போர் கேட்ட நீதிமன்ற வழியும், வேண்டும் என்போர் கேட்ட அரசுப் பணமும் இங்கு ஒன்றாகச் சேர்ந்தன. ஜூன் 10 இல் கிறைஸ்லர் இத்தாலியின் ஃபியட் நிறுவனத்துடன் இணைந்து மீண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் ஜூலை 10 இல் புதிய நிறுவனமாக வெளிவந்தது. அதன் பங்குகளில் ஏறத்தாழ 61 விழுக்காடு அமெரிக்க அரசிடமும், ஏறத்தாழ 12 விழுக்காடு கனடா நாட்டு அரசுகளிடமும் இருந்தன.

சுமை யார்மீது இறங்கியது? பழைய பங்குதாரர் தம் முதலீட்டை முற்றிலும் இழந்தனர். கடன் பத்திரம் வைத்திருந்தோர்க்குப் பணத்துக்கு மாறாகச் சிறுபங்கே கிடைத்தது. பான்டியாக், சாட்டர்ன் முதலிய வணிகப் பெயர்கள் மறைந்தன. கிறைஸ்லரின் 789 விற்பனையகங்களின் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. பல ஆலைகள் மூடப்பட்டன. தொழிற்சங்கம் பல சலுகைகளை விட்டுக்கொடுத்தது. புதிதாகச் சேர்ந்த தொழிலாளி, அதே வேலையைச் செய்த மூத்த தொழிலாளியைவிட மிகக் குறைந்த ஊதியம் பெற்றார்.

கணக்கில் வந்ததும் வராததும்

இருவர் ஆட்சிக்காலத்திலும் சேர்த்து மகிழுந்துத் தொழிலுக்கு அரசு வழங்கியது ஏறத்தாழ 8,000 கோடி டாலர். கடன் தவணையாகவும் பங்கு விற்பனையாகவும் 7,000 கோடி டாலருக்குச் சற்று மேல் திரும்பியது. ஏறத்தாழ 930 கோடி டாலர் மக்களின் இழப்பாக நின்றது. 2013 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸின் கடைசிப் பங்குகளையும் அரசு விற்று வெளியேறியது. வாகன விற்பனை 2015 இல் 1 கோடியே 70 இலட்சத்தைக் கடந்தது.

இழந்த தொகையைப் பார்ப்போர் ‘வீண்’ என்பர். நிறுவனங்கள் மூடப்பட்டிருந்தால் வேலையிழந்தோர்க்குத் தரவேண்டிய உதவித்தொகை, நின்றுபோகும் வரி, அரசின் காப்பீட்டு அமைப்பின்மேல் விழும் ஓய்வூதியச் சுமை ஆகியவற்றையும் எண்ணுவோர் ‘இலாபம்’ என்பர். நடந்த செலவை ஏட்டில் காணலாம். நடவாமல் தடுக்கப்பட்ட இழப்பை மதிப்பிடத்தான் முடியும். எனவே, இரு தரப்பும் இன்றுவரை உடன்படவில்லை.

ஒன்றை மட்டும் மறுக்க இயலாது. காப்பாற்றப்பட்டோர் அனைவரும் சமமாகக் காப்பாற்றப்படவில்லை. ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து பிரிந்த டெல்ஃபை என்னும் உதிரிபாக நிறுவனத்தின் அலுவலக ஊழியர் பல்லாயிரவர் தம் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை இழந்தனர். அங்குச் சங்கத்தில் இருந்த தொழிலாளர்க்கோ குறைந்த தொகை ஈடுசெய்யப்பட்டது. டெட்ராய்ட் நகராட்சியே 2013 ஜூலையில் நொடித்தது. ஒஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலை, மீட்பால் பிழைத்தும் 2019 இல் தன் மகிழுந்து உற்பத்தியை நிறுத்தியது. நிறுவனம் பிழைப்பதும் ஊர் பிழைப்பதும் ஒன்றல்ல.

பிரிட்டன்: பணம் வந்தது, மாற்றம் வரவில்லை

அமெரிக்காவுக்கு முப்பதாண்டுக்கு முன்பே பிரிட்டன் இதே வினாவை எதிர்கொண்டது. ஆஸ்டின், மாரிஸ், ஜாகுவார், ரோவர், டிரையம்ஃப் எனப் புகழ்பெற்ற பெயர்கள் 1968 இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு பிரிட்டிஷ் லேலண்ட் என்னும் பெருநிறுவனம் உருவானது. தொடக்கத்தில் அந்நாட்டு மகிழுந்துச் சந்தையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதன் கையில் இருந்தது. எனினும், ஒன்றோடொன்று போட்டியிடும் வண்டிகளை ஒரே நிறுவனம் விற்றது. தரக்குறைவு, வேலைநிறுத்தம், நிருவாகத்தின் தடுமாற்றம் ஆகியவை தொடர்ந்தன. 1975 இல் அரசு பெரும்பான்மைப் பங்குகளை எடுத்துக்கொண்டது.

பின்வந்த ஆண்டுகளில் 200 கோடிப் பவுண்டுக்கும் மேற்பட்ட அரசுப் பணம் அந்நிறுவனத்துக்குச் சென்றது. ஆனால், எந்த ஆலையை வைத்துக்கொள்வது, எந்த வண்டியைக் கைவிடுவது என்னும் கடினமான முடிவுகள் பல ஆண்டுகள் தள்ளிப்போயின. ஒவ்வோர் ஆலையும் ஒரு தேர்தல் தொகுதியில் இருந்தது. எதை மூடினாலும் எதிர்ப்பு எழுந்தது. 1970களின் இறுதியில் கண்டிப்பான சீரமைப்பு தொடங்கியபோது சந்தை கைநழுவியிருந்தது. எஞ்சிய ரோவர் குழுமம் 1988 இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கும், 1994 இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கும் கைமாறியது. 2000 இல் அதன் முதன்மைப் பகுதி பெயரளவில் 10 பவுண்டுக்கு விற்கப்பட்டு, 2005 இல் நொடித்தது. பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ் ஆலையில் ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர்.

எனினும், அனைத்தும் அழிந்துவிடவில்லை. மினி, ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகியவை வேறு உரிமையாளரிடம் தழைத்தன. ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008 இல் இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் வாங்கியது. தனித்த சந்தையும் தெளிந்த நோக்கமும் கொண்ட பகுதிகளே நிலைத்தன.

தெரியுமா?

பிரிட்டிஷ் லேலண்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1948 இல் சென்னையில் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் மகிழுந்துகளைப் பொருத்தி விற்றது. பின்னர், பிரிட்டனின் லேலண்ட் மோட்டார்ஸ் அதில் முதலீடு செய்ததால் 1955 இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது.

ஆஸ்திரேலியா: விடைகொடுத்த நாடு

ஆஸ்திரேலியா வேறு வழியைத் தேர்ந்தது. அங்கு மகிழுந்துத் தொழிலை உயர்ந்த இறக்குமதி வரி நெடுங்காலம் காத்தது. 1980களில் ஐம்பது விழுக்காட்டுக்கும் மேலிருந்த அவ்வரி, படிப்படியாகக் குறைந்து 2010 இல் 5 விழுக்காடானது. அரசு மானியமும் வழங்கியது. ஆனால், உள்நாட்டுச் சந்தை சிறியது. ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு உயர்ந்ததால் ஏற்றுமதியும் கட்டுப்படியாகவில்லை. 2013 மே மாதத்தில் ஃபோர்டும், டிசம்பரில் ஹோல்டனும், 2014 பிப்ரவரியில் டொயோட்டாவும் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தன. மேலும் பணம் தந்து அவற்றைத் தக்கவைக்க அரசு முன்வரவில்லை. அடிலெய்டு நகருக்கு அருகிலுள்ள எலிசபெத் ஆலையில் 2017 அக்டோபர் 20 அன்று கடைசி ஹோல்டன் வண்டி உருவானதோடு அந்நாட்டின் பெருமளவு மகிழுந்து உற்பத்தி முடிவுற்றது.

இங்குக் கவனிக்க வேண்டியது கால இடைவெளி. அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே மூன்று முதல் நான்கு ஆண்டுகள் இருந்தன. அக்காலத்தில் தொழிலாளர்க்கு மறுபயிற்சியும் வேலை தேட உதவியும் அளிக்கப்பட்டன. உதிரிபாக நிறுவனங்கள் வேறு தொழிலுக்கு மாறவும் நிதி வழங்கப்பட்டது. நாட்டின் பொருளாதாரம் அதனால் நிலைகுலையவில்லை. ஆனால், ஆலையை நம்பிய புறநகர்களில் எல்லோர்க்கும் முன்புபோல நிலையான வேலை கிடைத்துவிடவில்லை. நடுவயதைக் கடந்தோர் பெரிதும் இடருற்றனர்.

அரசு கேட்க வேண்டிய வினாக்கள்

மூன்று நாடுகளின் பட்டறிவையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. அரசு தரும் பணம் நிறுவனத்துக்கு வாங்கித் தருவது காலத்தை மட்டுமே. அக்காலத்தில் நிறுவனம் மாறினால் உதவி பயன் தரும். மாறாவிடில் வீழ்ச்சி தள்ளிப்போகும், அவ்வளவே. ஆகவே, ‘உதவலாமா, கூடாதா’ என்பதற்கு முன் நான்கு வினாக்களை அரசு கேட்க வேண்டும்.

1. நலிவுக்குக் காரணம் தற்காலிக நெருக்கடியா, நிறுவனத்தின் நெடுநாள் குறைபாடா?
2. வீழ்ச்சி அந்நிறுவனத்தோடு நிற்குமா, பிறரையும் இழுத்துச் செல்லுமா?
3. உதவிக்கு முன் உரிமையாளரும் நிருவாகமும் தம் பங்கு இழப்பை ஏற்றனரா?
4. அரசு எப்போது, எவ்வாறு வெளியேறும் என்பது முடிவாகிவிட்டதா?

இவற்றோடு, ‘உள்நாட்டுத் தொழில்’ என்பதன் பொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மீட்கப்பட்ட கிறைஸ்லர், இன்று நெதர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தின் ஓர் உறுப்பு. ஆஸ்திரேலியர் தம்முடையதெனப் போற்றிய ஹோல்டன், ஜெனரல் மோட்டார்ஸுக்கு உரியதாக இருந்தது. நிறுவனத்தின் பெயரும் உரிமையும் எல்லை கடந்து செல்லும். தொழிலாளியும் அவர் கற்ற தொழில்திறனும் அந்நாட்டிலேயே இருக்கும். அரசு முதன்மையாகக் காக்க வேண்டியது அவர்களையே. நிறுவனத்தைக் காப்பது அதற்கு ஏற்ற வழியாக இருக்கும்போது உதவலாம். இல்லையெனில், அதே பணத்தை ஓய்வூதியத்துக்கும் மறுபயிற்சிக்கும் புதிய தொழிலுக்கும் செலவிடுவதே முறை.

சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று அழைப்பதுண்டு. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2022 இல் மகிழுந்து உற்பத்தியை நிறுத்தியபோது, ஆலை மூடல் என்பது நம் ஊர்களுக்கும் நேரக்கூடியது என்பது தெளிவானது. நெருக்கடி வந்தபின் அவசரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் உரக்கப் பேசுவோர்க்கே சாதகமாக அமையும். தொழில் செழிக்கும் காலத்திலேயே ஓய்வூதிய நிதியைப் பாதுகாத்தலும், பலவகைத் தொழில்களை வளர்த்தலும், தொழிலாளர் புதியன கற்க வாய்ப்பளித்தலும் வேண்டும். அவ்வாறு அணியமாக இருக்கும் நாட்டில், ஒரு நிறுவனம் வீழ்ந்தாலும் அதனோடு சேர்ந்து ஓர் ஊர் வீழாது.

கற்பவை கற்றபின்

1. ‘நலிந்த நிறுவனத்தை அரசு மீட்க வேண்டும்’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையைச் சார்ந்து வாழும் பிற தொழில்களைக் கேட்டறிந்து பட்டியலிடுக.
3. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் முடிவுகளைப் பாடத்தின் நான்கு வினாக்களைக் கொண்டு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.